பொன்னம்மாளின் இரவுகள்

நம் புத்தளக் கரைக்கு அப்பால், மன்னார் வளைகுடாவின் மறுபுறம் திருநெல்வேலிச் சீமை. அங்கே டோனாவூரில், கோயிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த குழந்தைகளையும் கைவிடப்பட்ட சிசுக்களையும் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 தொடங்கி அரை நூற்றாண்டு வளர்த்த வரலாறு பலரும் அறிந்ததே. ஆனால் 1918இல் அவரே எழுதிய பொன்னம்மாளின் சரிதத்தில் நாம் வேறொருவரைச் சந்திக்கிறோம். இளம் விதவையான தமிழ்ப் பெண். நலிந்த கைக்குழந்தைகளுக்கு வைத்தியர் அருகிலிருக்க வேண்டுமென்று நெய்யூர் மிஷன் மருத்துவமனையை அண்டி அமைத்த சிசு இல்லம் இவர் பொறுப்பிலேயே நடந்தது. அங்கு வந்தவற்றில் பல பிழைக்கவில்லை. 1915இல் புற்றுநோய் பொன்னம்மாளையும் கொண்டுபோயிற்று.

மிஷன் நூல்களில் உள்ளூர்ப் பணிப்பெண்கள் பெரும்பாலும் பெயரற்ற நிழல்களே. இந்நூல் ஒருத்திக்குப் பெயரும் முகமும் தருகிறது. அதை மறுப்பது அநீதி. மேடையில் முழங்கும் நம்மில் எத்தனை பேர் துவண்ட சிசுவின் அருகே ஓரிரவு விழித்திருப்போம்? ஆயினும் அந்த உழைப்பு இங்கே அர்ப்பணிப்பாக மட்டுமே பேசப்படுகிறது. கண்விழிப்பு புனிதமாகிவிட்டபின் ஊதியமென்ன, ஓய்வெப்போது என்று கேட்க நா எழுவதில்லை. டோனாவூரில் அன்று ஊழியருக்குச் சம்பளமே கிடையாது. தொட்டில்கள் பெருகின, நேர்ந்துவிடும் வழக்கமோ, முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் போராடி, 1947இல் சென்னை மாகாணம் சட்டமியற்றிய பின்னரே குற்றமாயிற்று.