தீக்குச்சியில் ஒரு பள்ளிக்கூடம்

அறிவியலைச் சொல்லிக்கொடுப்பவரை ஆசிரியர் என்கிறோம். அதையே செய்து காட்டிப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பவரை வித்தைக்காரர் என்கிறோம். ஓவியம் கற்பிப்பவரையோ இவ்விருவர் வரிசையிலும் சேர்க்காமல், கால அட்டவணையின் கடைசிப் பாடவேளையில் நிறுத்திவிடுகிறோம். அதையும் கணக்கு ஆசிரியர் கேட்டால் கொடுத்துவிடுகிறோம். இம்மூவரும் ஒரே மனிதராக இருக்கக்கூடும் என்ற எண்ணம் அரவிந்த் குப்தாவின் நூல்களைக் கையிலெடுத்த பின்னரே எனக்கு உறுதிப்பட்டது. அவற்றுள் முதலாவதும், என் கணிப்பில் தலையாயதுமான தீக்குச்சி நூலை முன்வைத்துச் சில சொல்ல விழைகிறேன். 1980களில் போபாலின் ஏகலவ்யா நிறுவனத்தார் வெளியிட்ட அந்நூல் அளவில் மிகச் சிறியது. விலையும் அப்படியே.

நூல் பிறந்த கதையை அறியாமல் நூலை மதிப்பிட இயலாது. 1953இல் பரேலியில் பிறந்த குப்தா, கான்பூர் ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் பயின்று 1975இல் பட்டம் பெற்றவர். புனே நகரில் லாரி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. 1978இல் ஓராண்டு விடுப்பெடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குப் போனார். அங்கே 1972இலேயே, கிஷோர் பாரதி என்ற அமைப்பும், குவேக்கர் சபையினர் ரசூலியாவில் நடத்திவந்த ஊரக மையமும் சேர்ந்து, பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு புதிய முயற்சியைத் தொடங்கியிருந்தன. பாடப் புத்தகத்தை ஒப்பிப்பதற்கு மாறாக, பிள்ளைகள் தாமே சோதனை செய்து, கண்டதைத் தம் சொற்களில் எழுதி, பக்கத்துப் பிள்ளை கண்டதோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்பது அம்முயற்சி. குழாய் நீரும் மின்சாரமும் இல்லாத பள்ளிகளில் சோதனைக்கூடம் ஏது? வாரச் சந்தையே சோதனைக்கூடம் ஆயிற்று. சந்தையில் மிதிவண்டிக் கடைக்காரர் வைத்திருந்த ரப்பர்க் குழாயும், பெட்டிக்கடைத் தீப்பெட்டியும் அந்த இளம் பொறியாளர் கையில் ஒன்றுசேர்ந்தன.

நம் ஊர்ச் சைக்கிள் கடைகளில் 'வால் டியூப்' என்று கேட்டால் தெரியும். அதை விரல் நகத்தளவு துண்டுகளாக நறுக்கி, மருந்து சுரண்டிய இரண்டு தீக்குச்சிகளை இருபுறமும் செருகினால் வளைந்து கொடுக்கும் ஒரு மூட்டு கிடைக்கிறது. மூன்று குச்சிகளை இணைத்தால் முக்கோணம். அழுத்திப் பார்த்தால் அசையாது. நான்கை இணைத்தால் சதுரம், தொட்டவுடன் சாய்கிறது. கருவேல முள்ளால் ரப்பர்த் துண்டில் துளையிட்டு மூன்றாவது குச்சியைச் செருகினால் தளவடிவம் எழுந்து நின்று கனவடிவம் ஆகிவிடுகிறது. ஆறு குச்சியில் நான்முகி, பன்னிரண்டு குச்சியில் கனசதுரம். ஒவ்வொரு மூட்டிலும் ஐந்தைந்து குச்சிகள் கூடும்படி பன்னிரண்டு மூட்டும் முப்பது குச்சியும் கொண்டு இருபது முகமுள்ள உருவத்தைக் கட்டி முடிக்கும் பிள்ளை, அதன் கிரேக்கப் பெயரைப் பரீட்சைக்கு முதல்நாள் மனப்பாடம் செய்யும் பிள்ளையைவிட எவ்வளவோ முன்னே நிற்கிறது. பாலத்தின் இரும்புச் சட்டங்களும் கூரையின் கைமரங்களும் ஏன் முக்கோணமாக அமைகின்றன என்பதை அதன் விரல் அறிந்துவிட்டது. பெயர் பிறகு வந்தால் போதும்.

நடையைப் பற்றியும் ஒரு சொல். நம் அறிவியல் பாடநூல்களில் எல்லாமே 'எடுத்துக்கொள்ளப்படுகிறது', 'வெப்பப்படுத்தப்படுகிறது'. யார் எடுத்தார், யார் கை சுட்டது என்ற சுவடே இராது. குப்தாவின் வாக்கியங்களோ நறுக்கு, செருகு, ஊது, பார் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. எழுதியவர் தாமே பலமுறை செய்து, எவ்விடத்தில் பிள்ளையின் கை தடுமாறும் என்று கண்டவர் என்பது அந்தச் சிக்கனத்தில் தெரிகிறது. கோட்டோவியம் சொல்லிவிட்டதைச் சொல் மறுபடி சொல்வதில்லை. உரைநடை எழுத விரும்புவோருக்கும் அது நல்ல பயிற்சி என்பேன்.

பின்னால் வந்த நூல்களில் அவர் கைக்குள் ஓர் ஓவிய ஆசிரியரும் குடியேறிவிடுகிறார். காய்ந்த இலைகளை ஒட்டி யானை, மீன், மயில் செய்யும் பக்கங்கள் உள்ளன. பழைய செய்தித்தாளில் மடிக்கும் தொப்பிகள் உள்ளன. இதே மத்தியப் பிரதேசத்தில், இந்தூரில் வாழ்ந்த விஷ்ணு சிஞ்சால்கர் (1917–2000) என்ற ஓவியரை இங்கு நினைக்காமல் இருக்க முடியாது. முறையாகத் தூரிகை பயின்ற அவர், பின்னர் சுள்ளியிலும் சருகிலும் விதையிலும் மறைந்திருக்கும் முகங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதையே தம் பணியாகக் கொண்டார். சருகைச் சற்றே திருப்பி வைத்தால் கிழவர். இன்னும் சற்றுத் திருப்பினால் பறவை. கவனித்துப் பார்க்கும் பழக்கம் ஓவியத்துக்கு வேறு, அறிவியலுக்கு வேறு என்று யார் பிரித்தார்களோ அறியேன். பிரித்தவர் பள்ளிக்கூடத்துக்குப் பெரும் தீங்கு செய்துவிட்டார்.

இவ்வாறு வாழ்வது எத்தகைய வாழ்வு என்பதை நூல்கள் சொல்வதில்லை. அதை நான் எங்கள் ஊரில் ஒருவரிடம் கண்டேன். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். சனிக்கிழமை மாலைகளில் பங்கு மண்டபத்தின் தாழ்வாரத்தில் தெருப்பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுப்பார். விடுமுறை நாள்களில் அழைத்த ஊருக்கெல்லாம் போய் அறிவியல் விளையாட்டு காட்டுவார். காலையில் எழுந்ததும் அவர் முதல் வேலை பொறுக்குவது. தேநீர்க் கடையில் காலி டப்பா, தையற்கடையில் ஊக்கு, வானொலி பழுதுபார்ப்பவரிடம் உடைந்த ஒலிபெருக்கியின் வளையக் காந்தம். பிற்பகல் முழுவதும் நறுக்கி, எண்ணி, பழைய பிஸ்கட் டின்களில் பிரித்து வைப்பார். நாற்பது பிள்ளைகள் வரும் இடத்துக்கு நாற்பத்தைந்து பங்கு இருக்க வேண்டும். இல்லையெனில் கடைசியில் நிற்கும் பிள்ளை வேடிக்கை மட்டும் பார்த்துத் திரும்பும் என்பது அவர் கணக்கு. போக வரப் பேருந்துக் கட்டணமும் ஒரு சால்வையும் கிடைக்கும். சால்வைகள் பெட்டி நிறைய இருந்தன. "இத்தனை சால்வைக்குப் பதில் யாராவது ஒரு கத்தரிக்கோல் கொடுத்திருக்கலாம்" என்று ஒருமுறை சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கத்தரிக்கோல் தேவைப்பட்டது.

அவருக்குப் பிடித்தமானது குப்தா பரப்பிய எளிய மோட்டார். ஒரு பேட்டரிக் கட்டை, அதன் இரு முனைகளிலும் ரப்பர் வளையத்தால் இறுக்கிய இரண்டு ஊக்குகள், மேலே ஒரு காந்தம், எனாமல் பூசிய செப்புக் கம்பியில் சுற்றிய சிறு சுருள். சுருளின் இரு முனைகளிலும் எனாமலைச் சுரண்ட வேண்டும்; ஆனால் ஒரு முனையில் ஒரு பக்கத்தை மட்டும் சுரண்டாமல் விட்டுவிட வேண்டும். முழுவதும் சுரண்டிவிட்டால் சுருள் சற்றே ஆடி நின்றுவிடும். காந்தம் தள்ளியதைக் காந்தமே திரும்ப இழுத்துவிடுகிறது. ஒரு பக்கம் எனாமல் இருந்தால் அந்த நேரம் மின்சாரம் அறுபட்டு, சுருள் தன் வேகத்திலேயே மீதிச் சுற்றைக் கடந்துவிடும். பிள்ளைகள் முதலில் முழுவதும் சுரண்டட்டும், தோற்கட்டும் என்று அவர் காத்திருப்பார். அந்த ஐந்து நிமிடத் தோல்விக்காகத்தான் தாம் வருவதாக அவர் சொல்வதுண்டு.

குப்தாவின் நூல்கள் மீது நான் வைக்கும் முதற்குறையும் இந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியதே. பல பக்கங்களில் செய்முறை முடிந்ததும் பக்கமும் முடிந்துவிடுகிறது. பொம்மை சுழலும், குழல் ஊதும், அடுத்த பக்கத்தில் அடுத்த பொம்மை. உறிஞ்சுகுழலின் நுனியைக் கூராக வெட்டி ஊதியபடியே மறுமுனையைக் கத்தரித்துக்கொண்டு வந்தால் ஒலி படிப்படியாக உயர்வதைக் கேட்டு நாற்பது பிள்ளைகள் கைதட்டுகின்றன. குழல் குறுகினால் சுரம் ஏன் ஏறுகிறது என்று கேட்கும் பிள்ளைக்கு அந்தக் கைதட்டலில் இடமில்லை. மைக்கேல் ஃபாரடே 1860ஆம் ஆண்டுக் கடைசியில் தொடங்கி, லண்டனில் சிறுவர்களுக்காக ஆற்றிய விரிவுரைகளை எண்ணிப் பாருங்கள். ஆறு விரிவுரைக்கும் ஒரே மெழுகுவர்த்தி. சுடரின் நடுவிலிருந்து ஆவியைக் கண்ணாடிக் குழாய் வழியே வெளியே கொணர்ந்து அங்கே கொளுத்திக் காட்டுகிறார். எரிவதிலிருந்து நீர் பிறப்பதைக் காட்டுகிறார். கடைசியில் நம் மூச்சுக்கும் அந்தச் சுடருக்கும் உள்ள உறவுக்கு வந்து சேர்கிறார். அவரும் வித்தை காட்டியவர்தாம். ஆனால் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவியவரல்லர். ஹோஷங்காபாத் பாடநூல்களில் இந்த நிதானம் இருந்தது. கேள்வி, அட்டவணை, விவாதம் எல்லாம் இருந்தன. பொம்மை நூல்கள் வகுப்பறையை விட்டு வெளியே வந்தபோது அவற்றை அங்கேயே விட்டுவந்தன என்று தோன்றுகிறது. வெளியே வந்ததால்தான் அவை எங்கள் ஊர்த் தாழ்வாரம் வரை வந்தன என்பதையும் மறுப்பதற்கில்லை.

இரண்டாவது குறை நூலைவிட நம்மைச் சார்ந்தது. வசதியுள்ள பிள்ளைக்கு நுண்ணோக்கி, ஏழைப் பிள்ளைக்குத் தீக்குச்சி என்று இதை நாம் ஆக்கிவிடவில்லையா? நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் சோதனைக் கருவிகள் அனைத்தும் கண்ணாடி அலமாரியில் இருந்தன. சாவி தலைமையாசிரியரிடம். உடைந்தால் யார் பொறுப்பு என்ற அச்சத்தில் ஆண்டுக்கு ஒருமுறை, ஆய்வாளர் வரும் நாளில் அது திறக்கப்பட்டது. பிள்ளைகள் அறிவியலைக் கண்ணாடி வழியே பார்த்தார்கள். அன்று எனக்கும் அந்தச் சாவியைக் கேட்கத் துணிவு வரவில்லை. இதை இங்கே எழுதியாக வேண்டும். அத்தகைய அலமாரிக்கு எதிராகக் குப்தாவின் தீக்குச்சி ஒரு வலுவான வாதம். ஆயினும் அதைக் காட்டியே அலமாரியே வேண்டாம் என்று நிர்வாகங்கள் சொல்லத் தொடங்கினால் அது வேறு அநீதி. ஹோஷங்காபாதில் கருவிப்பெட்டியைப் பள்ளிகளுக்கு வழங்கியது அரசு; ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் இருந்தது. முப்பது ஆண்டுகள் நடந்த அத்திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. தனியொருவரின் பையில் உள்ள பொருள்கள் அதற்கு ஈடாக மாட்டா. குப்தா சோர்ந்துவிடவில்லை. 2003 முதல் 2014 வரை, நார்லிகர் உருவாக்கிய புனே வானியல் மையத்தின் சிறுவர் அறிவியல் கூடத்தில் பணியாற்றினார். நூல்களையும் படங்களையும் எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்தார். நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை இந்தியில் பெயர்த்தார். 2018இல் பத்மஸ்ரீ விருது வந்தது. அவர் தமக்குரியதைச் செய்துவிட்டார் என்பதால் பிறருக்குரியது தீர்ந்துவிடாது.

தெற்கத்தி வாசகன் இந்நூலைப் படிக்கையில் மனத்தில் உறுத்தும் ஒன்று உண்டு. வடக்கே ஒருவர் தீக்குச்சியில் பிள்ளைகளுக்கு வடிவியல் கற்பித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீஸ்களில் அதே குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். விடியுமுன் வண்டி வந்து ஏற்றிப்போகும். எண்ணிக்கைக்குக் கூலி. குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது 1986இல். சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 டிசம்பரில். நான் கூறிய ஓவிய ஆசிரியர் அக்காலத்தில் கோவில்பட்டிப் பக்கம் வேலை பார்த்தவர். குச்சியை எடுத்துக் கையில் கொடுத்ததும் சில பிள்ளைகள் அதைச் செருகாமல், பழக்கத்தால் வரிசையாக அடுக்கத் தொடங்கிவிடுவார்களாம். அந்த விரல்களின் வேகத்தைப் பார்த்துத் தாம் வெட்கப்பட்டதாகச் சொன்னார். அதன்பின் அந்த ஊர்களில் மட்டும் தீக்குச்சியை விட்டுவிட்டு ஈர்க்குச்சியைப் பயன்படுத்தினார். இந்நூலுக்கு நான் படித்த விமரிசனங்களில் இதைவிடக் கூர்மையானது வேறில்லை, அது எழுதப்படாதது.

குப்பை என்று நாம் சொல்வதும் காலத்தோடு மாறிவிடுகிறது. இரண்டு பிலிம் டப்பாவும் ஒரு ஸ்போக்ஸ் கம்பியும் கொண்டு நீரிறைக்கும் பம்பு செய்யக் குப்தா கற்பித்தார். அற்புதமான பக்கம், ஆனால் பிலிம் டப்பா இன்று எங்கே? வால் டியூப்பும் அருகி வருகிறது. சென்ற மாதம் எங்கள் சைக்கிள் கடைக்காரர் பழைய தகரப்பெட்டியின் அடியில் தேடி, டால்கம் பவுடர் பூத்த ஒரு முழம் எடுத்துக் கொடுத்து, காசு வேண்டாமென்றார்.

அதை நறுக்கி என் பேத்தியிடம் கொடுத்தேன். சதுரம் செய்தாள், சாய்ந்தது. "தாத்தா, குறுக்கே ஒரு குச்சி கொடுத்தால் நிற்குமா?" என்றாள். கொடுத்துப் பார் என்றேன். அதே நீளக் குச்சி மூலைக்கு மூலை எட்டவில்லை. இழுத்துப் பிடித்துச் செருகினாள். வடிவம் அசையாமல் நின்றது; ஆனால் அது சதுரமாக இல்லை, சாய்ந்த பட்டம் போல் இருந்தது. இரண்டு முக்கோணம் முதுகோடு முதுகு ஒட்டியிருப்பதைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, குச்சியை உருவினாள். துடைப்பத்தில் ஓர் ஈர்க்கை ஒடித்து வந்து, சதுரத்தை நேராக்கிப் பிடித்துக்கொண்டு, மூலையிலிருந்து மூலைக்கு வைத்து அளந்து வெட்டினாள். பின்னர் அந்த ஈர்க்கையும் ஒரு தீக்குச்சியையும் தரையில் அருகருகே வைத்து, எவ்வளவு அதிகம் என்று நகத்தால் அடையாளமிட்டுக்கொண்டிருந்தாள். குச்சியில் பாதியளவு இருக்குமா என்று கேட்டாள். பாதிக்குச் சற்றுக் குறைவு. நான் சொல்லவில்லை.