சுவரும் வினாவும்: சென்னை மாநகரச் சுவரோவியங்கள்

மக்கள் கூடுமிடத்து ஓவியம் எவ்வாறு காணப்பட்டது என்பதற்குப் பரிபாடலின் 19ஆம் பாடல் நல்லதொரு சான்று. நப்பண்ணனார் இயற்றிய இப்பாடலில், திருப்பரங்குன்றத்துக்கு வருவோர் அங்கு எழுதப்பெற்ற உருவங்களைச் சுட்டி வினவுகின்றனர். அறிந்தோர் விடை கூறுகின்றனர். காமனும் இரதியும் அடையாளம் காட்டப்படுகின்றனர்; அகலிகை கல்லான கதை விளக்கப்படுகிறது. பார்ப்போரின் பேச்சே அவ்வோவியங்களை நிறைவு செய்கிறது. சென்னையின் சுவரோவியத் திட்டங்களையும் இவ்வளவுகோல் கொண்டு நோக்குதல் தகும்.

2009-2010 காலப்பகுதியில் சென்னை மாநகராட்சி, அண்ணா சாலை முதலிய பெருஞ்சாலைகளின் சுவர்களிலிருந்து சுவரொட்டிகளை அகற்றி, அங்குத் தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை வரைவித்தது. மாமல்லபுரச் சிற்பங்கள், கோயில்கள், நாட்டுப்புறக் கலைகள், இயற்கைக் காட்சிகள் ஆகியன இடம்பெற்றன. வரைந்தோர் யார் என்பதே இங்குக் கருதத்தக்கது. கணினியில் அச்சிடப்பெறும் பிளக்ஸ் பதாகைகளின் வரவால் தொழில் இழந்த திரைப்படப் பேனர் ஓவியர்களுக்கு இப்பணி தரப்பட்டது. பிழைப்புக்கு வழி கிடைத்தது என்பதைக் குறைத்து மதிப்பிட இயலாது. எனினும், அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சென்னைத் தெருவின் கண்ணை ஆண்டது இவ்வோவியர்களின் கலையே. ‘வணங்காமுடி’ (1957) படத்திற்கு மோகன் ஆர்ட்ஸ் எழுப்பிய சிவாஜி கணேசன் கட்-அவுட்டைப் பற்றிய பேச்சு இன்றளவும் ஓயவில்லை. அக்கலையைத் திட்டம் பண்பாடாகக் கொள்ளவில்லை. கை அவர்களுடையது, கருப்பொருளோ சுற்றுலாக் கையேட்டினுடையது. மாமல்லபுரத்தை அறியாத சென்னைவாசி இலர். ஆதலின் அச்சுவர் முன் நின்று வினவ எவர்க்கும் எதுவுமில்லை.

கண்ணகி நகரின் நிலை வேறு. நகரின் பல பகுதிகளினின்றும் அகற்றப்பட்ட குடிசைவாழ் மக்கள் 2000 முதல் குடியமர்த்தப்பட்ட இடம் இது. (சிலம்பின் கண்ணகியும் தன் ஊர் நீங்கி அயலூரில் நீதி கேட்டவளே. பெயரிட்டோர் இதனை எண்ணினரோ, இலரோ!) 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து, இங்குள்ள அடுக்குமாடிச் சுவர்களில் ஓவியர் பலரைக் கொண்டு வரைவித்தது. அவற்றுள் சென்னை ஓவியர் ஏ-கில் வரைந்த, அப்பகுதிச் சிறுமியர் இருவரின் சிரித்த முகங்கள் குறிப்பிடத்தக்கவை. ‘இவர்கள் யார்?’ என்னும் வினாவை வருவோரிடம் அச்சுவர் எழுப்புகிறது. விடையோ அங்கு வாழ்வோரிடம் உள்ளது. பரிபாடல் காட்டும் உறவு இங்கு ஓரளவு மீள்கிறது.

ஆயின் ஒரு குறையும் உண்டு. சிரிப்பு வரையப்பட்ட அளவுக்கு இடப்பெயர்வு வரையப்படவில்லை. எந்தக் கரையிலிருந்து, எந்தத் தெருவிலிருந்து இக்குடும்பங்கள் வந்தன என்பதைச் சிறுமியரின் முகங்கள் சொல்வதில்லை. அதனை அறிய விழைவோர் சுவரை விட்டு நீங்கி, மாடிப்படியேறி, அங்குள்ள மூதாட்டியரிடம்தான் கேட்க வேண்டியுள்ளது.