நன்னூலார் வகுத்த மாணாக்கரும் ஆரம்ப வகுப்பறையும்

கற்பிப்போர் இயல்பையும் கற்போர் இயல்பையும் ஒருங்குவைத்து ஆராயும் தமிழ்ப் பகுதிகளுள் நன்னூலின் பொதுப்பாயிரம் சிறப்பிடம் பெறுவது. மூன்றாங் குலோத்துங்க சோழன் காலத்துச் சிற்றரசனாகிய சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் அந்நூலை இயற்றினார். எழுத்தையும் சொல்லையும் உணர்த்தப் புகுந்த அவர், நூல், ஆசிரியன், பாடஞ் சொல்லல், மாணாக்கன், பாடங் கேட்டல் ஆகிய ஐந்தன் வரலாற்றையும் நூலின் வாயிலிலேயே நிறுத்தினார். ஆறுமுக நாவலரின் காண்டிகையுரை வாயிலாக ஈழத்துத் தமிழ் மாணவர்க்கு இப்பகுதி நன்கு அறிமுகமானது. ஆயினும் அதனை மனனஞ் செய்தோர் பலர்; ஆராய்ந்தோர் சிலர்.

விரைந்து கற்கும் பிள்ளையும் மெல்லக் கற்கும் பிள்ளையும், கட்புலனோ செவிப்புலனோ குன்றிய பிள்ளையும், ஒருகணமும் ஓரிடத்தில் நில்லாப் பிள்ளையும் ஒரே கூரையின்கீழ் அமர்வதே இன்றைய ஆரம்ப வகுப்பு. அவ்வகுப்பிற்குப் பொதுப்பாயிரம் எவ்வளவிற்குத் துணையாகும், எவ்வளவிற்குத் தடையாகும் என்பது ஆராயத்தக்கது.

நன்னூலார் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தி எட்டு உவமைகளால் விளக்குகின்றார். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமும், வயிறார மேய்ந்து பின் அசைபோடும் பசுவும் தலைமாணாக்கர்க்கு உவமை. உழவன் செய்யும் முயற்சியளவே விளைவு தரும் மண்ணும், பயிற்றிய சொல்லையன்றிப் பிறிது கூறாத கிளியும் இடைமாணாக்கர்க்கு உவமை. பெய்த நீரெல்லாம் ஒழுகவிடும் இல்லிக்குடமும், செடிக்குச் செடி தாவிக் கடிக்கும் ஆடும், குளத்தைக் கலக்கும் எருமையும், நெய்யை விட்டுக் கசடைப் பற்றும் நெய்யரியும் கடைமாணாக்கர்க்கு உவமை.

இவ்வுவமைகளின் கூர்மை போற்றத்தக்கது. மறதி, கவனச்சிதறல், குழப்பம், பிழைபடக் கொள்ளல் ஆகிய நான்கையும் வேறுவேறு குறைகளாகக் கண்டு பிரித்தமை சிறிய செயலன்று. கற்க இடர்ப்படுவோர் அனைவரையும் ‘மக்கு’ என்னும் ஒரே சொல்லில் அடக்கும் வழக்கத்தினும் இப்பகுப்பு எவ்வளவோ மேலானது. எனினும், கற்கும் வகையை விளக்கப் பிறந்த உவமை கற்போனின் தரத்தை விதிக்கும் முத்திரையாக மாறுமிடத்தில் நூற்கருத்து இடறுகின்றது. இல்லிக்குடம் என்பது ஒரு நிலை. கடைமாணாக்கன் என்பது ஒரு தீர்ப்பு. நிலையை மாற்ற முயலலாம். தீர்ப்பு முயற்சியை முடித்துவிடும்.

இதற்கு மாற்று நன்னூலார் கூறிய உவமையொன்றிலேயே உண்டு. எட்டனுள் மண் ஒன்றே கற்பிப்போனையும் உள்ளடக்கி நிற்கின்றது. விளைவு உழவனின் முயற்சியளவே என்றால், விளையாமைக்கு மண்ணை மட்டும் பழித்தல் முறையாகாது. செம்மண்ணுக்கு ஏற்ற பயிர் வேறு, களிமண்ணுக்கு ஏற்ற பயிர் வேறு என்பதை யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் அறிவர். அவருள் எவரும் மண்ணைக் கடைமண் என்று கைவிட்டுப் போவதில்லை. மண்ணை இடையில் வைத்தமையினும், ஏனைய உவமைகள் அனைத்தையும் மண்ணின் நோக்கிலே வைத்துக் காணாமையே பகுப்பின் குறை எனலாம்.

அந்நோக்கிற் காணுமிடத்து, கடைமாணாக்கர் நால்வரும் ஆசிரியன் செய்யவேண்டிய பணி இன்னதெனக் காட்டும் நால்வராக மாறுகின்றனர். கேட்டதை மறக்கும் பிள்ளைக்குச் சிறிது சிறிதாகப் பெய்து, முன்னையது நின்றபின் பின்னையதைப் பெய்தல் வேண்டும். அவன் மறந்தானா, முதற்கண் கேட்கவேயில்லையா என்பதையும் அறிதல் வேண்டும். செவிப்புலன் சிறிது குன்றிய பிள்ளை பின்வாங்கில் இருந்தால் மறதிக்காரனாகவே தோன்றுவான். ஆடுபோல் தாவும் பிள்ளைக்கு ஒருமணிநேரப் பாடம் ஒரே மேய்ச்சலாக அமையாது. அதனைச் சிறு செயல்களாகப் பகுத்து, இடையிடையே எழுந்து நடக்கவும் இடமளித்தல் தகும். குளத்தைக் கலக்கும் பிள்ளை கரும்பலகை தெரியாத பிள்ளையாகவும் இருக்கலாம். கசடைப் பற்றும் பிள்ளை ஆசிரியர் கூறிய வேடிக்கையை நினைவில் வைத்துப் பாடத்தை மறந்தானாயின், எது முதன்மையென அவனுக்குப் புலப்படவில்லை என்பதே பொருள்.

கிளியின் நிலை இன்னும் நுணுகி நோக்கற்பாலது. முதலாம் இரண்டாம் வகுப்புகளில் பாடப்பக்கம் முழுவதையும் பிழையின்றி ஒப்புவிக்கும் பிள்ளையின் விரலைச் சற்றுக் கவனித்தல் வேண்டும். வாய் ஒரு சொல்லைக் கூற, விரல் மற்றொரு சொல்லில் நிற்குமாயின் அவன் வாசிக்கவில்லை, கேட்டதை ஒப்புவிக்கின்றான். தமிழ் எழுத்திலே ஒற்றைக் கொம்பு மெய்க்கு முன் எழுதப்பட்டு அதன்பின் ஒலிக்கின்றது. ‘கொ’ என்பதிலோ உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கின்றது. ‘ப’, ‘ம’, ‘ய’ என்பன வடிவால் நெருங்கியவை. ‘ல’, ‘ள’, ‘ழ’ என்பன ஒலியால் நெருங்கியவை. டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு இடர்ப்பாடுடைய பிள்ளைக்கு இவை பெருந்தடைகள். அத்தடையை அறிவின்மை எனக் கொள்வது பெரும்பிழை. எழுத்தை மணலில் எழுதியும், விரலால் தடவியும், உரக்க ஒலித்தும் பல புலன்வழியே பயிற்றுவது இத்தகைய பிள்ளைகளுக்குப் பயன்தரும். மணலில் எழுதப் பயிற்றல் நம் திண்ணைப் பள்ளிகளின் பழைய வழக்கேயாகும்.

பொதுப்பாயிரத்தின் மிகக் கடுமையான பகுதி, பாடங் கேட்கத் தகாதோர் பட்டியலாகும். கள்வன், வஞ்சகன் முதலியோரோடு நோயாளனும், மந்த அறிவினனும், உறங்குவோனும், நூலைக் கண்டு அஞ்சித் தடுமாறுவோனும் அங்கே ஒருசேர விலக்கப்படுகின்றனர். தகுதியுடையோர் வரிசையிலோ அரசன் மகனும் மிகுபொருள் கொடுப்போனும் இடம்பெறுகின்றனர். ஒழுக்கக்கேட்டையும் உடற்குறையையும் ஒரே தட்டில் வைத்தது அறத்தோடு பொருந்துவதன்று. புத்தகத்தைக் கண்டு அஞ்சும் பிள்ளைக்கன்றோ ஆசிரியன் முதலில் வேண்டும்?

நன்னூலார்க்காகவும் ஒன்று கூறுதல் நீதியாகும். அவர் உயர்தர இலக்கணக் கல்விக்கு மாணாக்கரைத் தேர்ந்தெடுக்கும் முறையையே கூறினார். அரிச்சுவடி பயிலும் ஐந்து வயதுக் குழந்தைக்கு விதி வகுத்தாரல்லர். நூலை நாடி வந்தோரை அன்றைய ஆசிரியன் ஏற்கவும் மறுக்கவும் கூடும். இன்றைய ஆரம்ப ஆசிரியருக்கு அவ்வுரிமை இல்லை, இருத்தலும் ஆகாது. இலங்கையில் 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பாடசாலை செல்லவேண்டுமென்னும் விதி 1998 இல் நடைமுறையாயிற்று. 2016 இல் அவ்வெல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. 1994 இல் ஸ்பெயின் நாட்டுச் சலமன்கா நகரிற் கூடிய உலக மாநாடு, விசேட தேவையுடைய பிள்ளைகளும் பொதுப் பாடசாலைகளிலேயே இடம்பெறவேண்டுமென அறிவித்தது. எனவே, உயர்கல்விக்குரிய தேர்வு விதியை ஆரம்ப வகுப்பிற்கு ஏற்றி, பிள்ளையை ‘எருமை’ என விளித்துவிட்டு நன்னூலைச் சான்றுகாட்டுவது நூலுக்கும் இழுக்கு, பிள்ளைக்கும் இழுக்கு.

விலக்கும் பட்டியலை வகுத்த அதே ஆசிரியர், பாடஞ் சொல்லும் முறையைக் கூறுமிடத்து, கேட்போன் எவ்வாறு கொள்ளவல்லன் என்பதை அறிந்து, அவன் உள்ளத்திற் பதியுமாறு விருப்பத்தோடு சொல்லுக என்கின்றார். உட்படுத்தற் கல்வி என இந்நாளில் வழங்கும் கொள்கையின் உயிர்நிலை இதுவேயாகும். இவ்விதி மாணாக்கர் பகுப்பிற்கு முன்னரே நூலில் இடம்பெறுவதும் கருதத்தக்கது. முன்வந்த விதியின் ஒளியிலே பின்வந்த பகுப்பை வாசித்தால், எட்டு உவமைகளும் கொள்ளும் வகை எட்டினைக் காட்டுவனவாகும். பிள்ளைகளை இருத்தும் மூன்று வரிசைகளாகமாட்டா.

பாடங் கேட்கும் முறை பற்றிய கருத்துக்களும் வகுப்பறைக்குப் பெரிதும் ஏற்றவை. ஒருமுறை கேட்டதால் நிறைவு வாராது, மீண்டும் மீண்டும் கேட்டலே முறை என்பதும், ஆசிரியனிடத்துப் பெறுவது காற்பங்கே, உடன்பயில்வோரிடத்து மற்றொரு காற்பங்கும் பிறர்க்கு உரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பதும் அங்கே காணப்படுகின்றன. மாணவர் மாணவர்க்குக் கற்பிக்கும் இவ்வழக்கைச் சென்னையிற் செயற்படுத்திய அன்றூ பெல் என்பார், 1797 இல் அதனை நூலாக்கி இங்கிலாந்திற்கு அறிமுகப்படுத்தினார். விரைந்து கற்கும் பிள்ளையும் மெல்லக் கற்கும் பிள்ளையும் அருகருகே இருந்தால் முன்னவன் தளர்வான் என அஞ்சுவோர்க்கு நன்னூலார் கணக்கு விடையாகும். பிறர்க்கு உரைப்பவனே அரைப்பங்கைப் பெறுகின்றான்.

ஆசிரியர்க்கும் அவர் சலுகை காட்டினாரல்லர். ஆசிரியராகத் தகாதோர்க்கும் நான்கு உவமைகள் கூறினார். அவற்றுள் மடற்பனையும் முடத்தெங்கும் ஈழத்தவர் கண்ணுக்குப் பழகியவை. கருக்குமட்டை சூழ்ந்த பனை, எவரையும் அணுகவிடாது, பழம் தானாக விழுந்தாலன்றிப் பயன் தராது. பிள்ளை தானே வந்து கேட்கட்டும் என்றிருக்கும் ஆசிரியர் அத்தகையர். முடத்தெங்கோ ஒருவர் நீர்வார்க்க வேலிக்கப்பால் மற்றொருவர்க்குக் காய் உதிர்ப்பது. புலமைப்பரிசிற் பரீட்சையில் தேறக்கூடிய சிலருக்கே காலமெல்லாம் செலவிட்டு, ஏனையோரை வாங்கிற் குந்தியிருக்க விடும் வகுப்பை நோக்கின், அவ்வுவமை இன்றும் பழுதாகவில்லை என்பது புலனாகும்.

நாற்பது பிள்ளைகளை ஒருவரே பயிற்றும் நிலையில் ஒவ்வொருவர் கொள்வகையையும் அறிதல் எங்ஙனம் என்பர் சிலர். இவ்வினா நேர்மையானது. துணையாசிரியரும், பயிற்சியும், கண் செவிப் பரிசோதனையும் அளிக்காது ஆசிரியர்மீதே முழுச்சுமையை ஏற்றுதல் தகாது. ஆயினும் பிள்ளையை முன்வாங்கில் இருத்துதலும், கட்டளையைச் சுருக்கிக் கூறுதலும், எழுத இயலாதவனை வாய்மொழியாக விடை கூறவிடுதலும், இழிபெயர் விலக்குதலும் பொருட்செலவு வேண்டாதவை. நடுவுநிலைக்கு நன்னூலார் துலாக்கோலை உவமை கூறினார். எல்லார்க்கும் ஒன்றையே ஒரே அளவில் கொடுத்தலை அக்கோல் குறிப்பதன்று; ஒவ்வொன்றன் நிறையையும் பொய்யாது காட்டுதலே அதன் தொழில். ஆரம்ப வகுப்பாசிரியர் பொதுப்பாயிரத்திலிருந்து ஏற்கவேண்டியது அக்கோலையே. விடவேண்டியது விலக்கும் பட்டியலை.