மாஸ்டரிடம் ஊர் சொல்வதைக் கேளுங்கள்

கந்தர்வக்கோட்டையில் குடியிருந்துகொண்டு, “நல்ல ஃப்ரைடு ரைஸ் வேணும்னா தஞ்சாவூருக்குத்தான் போகணும்” என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. பொழுது சாய்ந்ததும் கடைத்தெருவில் ஃபாஸ்ட் ஃபுட் வண்டியின் அடுப்பு சீற ஆரம்பித்துவிடுகிறது. அதைத் தாண்டித்தான் இவர்கள் பஸ் ஏறுகிறார்கள். ஒருநாளாவது நின்று ஒரு தட்டு வாங்கியது கிடையாது. நின்று சாப்பிடுகிறவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று காதுகொடுத்ததும் கிடையாது. ஏ.சி. அறையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்து செல்போனில் நாலு நட்சத்திரத்தைத் தட்டிவிடுவார்கள். அதோடு சரி.

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஃபாஸ்ட் ஃபுட்டை ரசிக்க நாக்கோடு காதும் வேண்டும். அந்தக் கடையில் வாங்கித் தின்கிறவர்கள் மாஸ்டரிடம் போகிறபோக்கில் சொல்லும் ஒற்றை வரிகள்தான் நம் ஊரின் உணவு விமர்சனம். அதைப் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால், சட்டியில் என்ன நடந்தது என்பது சோற்றை வாயில் வைத்ததுமே தெரிந்துவிடும்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சாப்பாடு சீனாவிலிருந்து நேரே நம் ஊருக்கு வரவில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்கத்தா பக்கம் சீனர்கள் குடியேறினார்கள். பிறகு அங்கே தாங்ராவில் தோல் பதனிடும் தொழில் செய்த ஹக்கா சீனர்கள், நம் பச்சை மிளகாயையும் இஞ்சி பூண்டையும் தங்கள் சட்டிக்குள் சேர்த்துக்கொண்டார்கள். மஞ்சூரியன் அதற்கும் பிந்தியது. கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975இல் பம்பாயில் அதை உண்டாக்கினார் என்பார்கள். வண்டியின் இன்னொரு ஓரத்தில் பொரியும் சிக்கன் 65 சென்னை புகாரி ஓட்டலின் சரக்கு. வரலாறு இவ்வளவு போதும்.

செய்முறையும் அப்படித்தான். சாயந்திரம் வடித்து, விரித்து, ஆறவைத்த சோறு. ஆறினால் சோற்றின் மாவுச்சத்து இறுகும், பருக்கை உடையாது. சட்டி காய்ந்து புகை கிளம்பியதும் எண்ணெய், முட்டை, முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ், பிறகு சோறு. உப்பு, மிளகுத்தூள், அஜினோமோட்டோ, கொஞ்சம் சோயா சாஸ், சொட்டு வினிகர், மேலே வெங்காயத்தாள். இரண்டு மூன்று நிமிஷத்தில் தட்டு கைக்கு வந்துவிடும்.

வாடிக்கையாளர் சொற்களிலும் பால பாடம் உண்டு. “உப்பு தூக்கல்” என்றால் பெரும்பாலும் குற்றவாளி உப்பு டப்பா இல்லை, சோயா சாஸ் பாட்டில். “கொழஞ்சு போச்சுண்ணே” என்றால் சோறு ஆறுவதற்கு முன்பே சட்டிக்குள் போய்விட்டது, அல்லது கூட்டத்தைச் சமாளிக்க நாலு தட்டுச் சோற்றை ஒரே ஈட்டில் போட்டிருக்கிறார், சட்டிச் சூடு இறங்கிவிட்டது. “சப்புன்னு இருக்கு” என்றால் தீ போதவில்லை. “நேத்து மாதிரி போடுங்க மாஸ்டர்” என்பதற்கு மேல் ஒரு பாராட்டு இந்தத் தொழிலில் கிடையாது. மீதியை நின்று கேட்டால் நீங்களே பிடித்துக்கொள்வீர்கள்.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் கடையைப் பற்றி ஏதாவது சொன்னால், ஒத்துக்கொள்வதற்கும் மறுப்பதற்கும் முன்னால் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நின்று சாப்பிட்டீர்களா, பார்சல் வாங்கிப் போனீர்களா?

இதைக் கேட்காமல் எந்தக் கருத்தையும் எடைபோடக் கூடாது. ஒரே மாஸ்டர், ஒரே சட்டி, ஒரே ஈடாக இருந்தாலும் நின்று தின்றவர் தின்ற பண்டம் வேறு, பார்சல் கொண்டுபோனவர் தின்றது வேறு. நின்று தின்கிறவர் தட்டில் ஆவி மேலே போய்விடுகிறது. பருக்கையின் மேல்பக்கத்தில் சட்டிச் சூடு பட்ட முறுகல் அப்படியே இருக்கிறது. மிளகு மூக்கில் ஏறுகிறது. முட்டைக்கோஸ் இன்னும் நறுக்கென்று கடிபடுகிறது. பார்சலில் அதே ஆவிக்குப் போக வழியில்லை. இலைக்குள் முட்டி, நீராகித் திரும்பச் சோற்றிலேயே இறங்குகிறது. முறுகல் போய்விடும், கோஸ் வதங்கிவிடும், கோபி 65 தன் மேல்தோலைத் தொளதொளவென்று விட்டுவிடும். நூடுல்ஸாக இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். உப்பும் மாறித் தெரியும். கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும்போது சரியாக இருந்த ரசம் ஆறியதும் கரிப்பதில்லையா, அதேதான்.

ஆகவே நின்று தின்றவர் “உதிரி உதிரியா இருக்கு” என்றால் அது மாஸ்டரின் கையைப் பற்றிய தீர்ப்பு. பார்சல் வாங்கியவர் அதே வார்த்தையைச் சொன்னால் அதன் மதிப்பு பல மடங்கு. கை, தீ, மடித்த விதம் என்று எல்லாம் கூடிவந்தால்தான் பார்சல் சோறு வீடு வரைக்கும் உதிரியாகப் போய்ச் சேரும். மாறாக, பார்சல்காரர் “கொழகொழன்னு இருந்துச்சு” என்று குறைபட்டால் உடனே மாஸ்டரைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். வெள்ளாளவிடுதிக்கு டிவிஎஸ் 50இல் கொண்டுபோய், வழியில் ஒருவரிடம் நின்று பேசிவிட்டு, பிள்ளைகள் டியூஷன் முடிந்து வரட்டும் என்று காத்திருந்து, அப்புறம் பிரித்திருப்பார். அந்தக் குழைவில் மாஸ்டருக்குப் பங்கு கொஞ்சம்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நின்று தின்றவர் கருத்து அவர் ஒருவருடையது. பார்சல்காரர் கொண்டுவருவது ஒரு குடும்பத்தின் கருத்து. “சின்னவன் காரம்னுட்டான். அப்பத்தாவுக்குத்தான் பிடிச்சுச்சு, மெல்ல தோதா இருந்துச்சாம்.” வண்டிப் பக்கத்தில் நிற்கிறவர் குறையாகச் சொன்ன அதே மென்மை, பல் போன அப்பத்தாவுக்கு நிறைவாகிவிட்டது. அந்த அப்பத்தா கடைத்தெருவுக்கு வந்து தள்ளுவண்டி முன்னால் நிற்கப்போவதில்லை. அவர் நாக்கு இந்தக் கடையை எப்படிப் பார்க்கிறது என்பது மறுநாள் மகன் வாயிலிருந்துதான் மாஸ்டருக்குத் தெரியவரும். எந்த நட்சத்திரக் கணக்கில் அந்த அப்பத்தா வருகிறார்? ஓர் ஊரின் ருசியை அறிய வேண்டுமென்றால் இப்படி ஒருநாள் தள்ளி வந்து சேரும் பேச்சைத்தான் முதலில் கேட்க வேண்டும். வண்டி முன்னால் நின்று தின்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் இளவட்டங்கள், ஆண்கள். பெண்களும் குழந்தைகளும் வயசானவர்களும் என்ன நினைக்கிறார்கள் என்பது பார்சல் வழியாக மட்டுமே வெளியே வருகிறது.

இதிலிருந்தே மாஸ்டரை மதிப்பிடவும் ஓர் உரைகல் கிடைக்கிறது. “பார்சலா, இங்கயாண்ணே?” என்று எல்லாக் கடையிலும் கேட்பார்கள். எப்போது கேட்கிறார்கள் என்று பாருங்கள். சோற்றைக் கொட்டி முடித்த பிறகு, தட்டை எடுப்பதா இலையை எடுப்பதா என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் சாதாரண மாஸ்டர். சட்டியில் எண்ணெய் விடுவதற்கு முன்பே கேட்கிறவர், இரண்டும் இரண்டு சமையல் என்று உணர்ந்தவர். பார்சல் என்றால் கோஸை ஒரு புரட்டு குறைவாக வதக்குவார், சாஸில் ஒரு சொட்டைக் குறைப்பார், சோற்றை இன்னும் கொஞ்சம் வறட்டி எடுப்பார். மஞ்சூரியனுக்குக் குழம்பைத் தனியாகக் கட்டிக் கொடுப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, இலையில் கொட்டியதும் உடனே மடிக்காமல் ஆவி அடங்கட்டும் என்று கொஞ்சம் விட்டுவைப்பார். “சீக்கிரம் மடிங்கண்ணே, நேரமாச்சு” என்று அவரை அவசரப்படுத்துகிற ஆள் மறுநாள் வந்து குழைந்துபோச்சு என்று சொன்னால் அந்தக் கருத்தைத் தள்ளுபடி செய்துவிடுங்கள்.

இலை என்றேன். வாழையிலைத் துண்டு வைத்துக் கட்டிய பார்சலைப் பிரிக்கும்போது முதலில் எழும் மணத்தில் வினிகரும் வெந்த இலையும் கலந்திருக்கும். அந்த மணம் பிளாஸ்டிக் தாளில் வராது. சோறு கட்டும் பிளாஸ்டிக் தாளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் ருசிக்காகவாவது இலை கேட்டு வாங்குங்கள்.

மேலோட்டமான கருத்துகளையும் அடையாளம் கண்டு ஒதுக்கத் தெரிய வேண்டும். “சைனாவில் இப்படிச் செய்ய மாட்டார்கள்” என்பது அதில் முதலாவது. இது சீனச் சாப்பாட்டின் நகல் என்று நம் மாஸ்டர் சொன்னதே இல்லை, அப்புறம் எதற்கு அந்தப் பரீட்சை? சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் நம் பக்கத்தில் நிறைய. அவர்கள் “அங்க ஹாக்கர் சென்டர்ல” என்று தொடங்கினால் மட்டும் பொறுமையாகக் கேட்பேன். அவர்களுக்குச் சட்டிச் சூட்டின் வாசனை தெரியும், தீ போதாததை உடனே கண்டுபிடிப்பார்கள்.

அடுத்தது “வேற லெவல்” கூட்டம். கேமரா முன்னால் கண்ணை மூடித் தலையாட்டிவிட்டு, எல்லாக் கடைக்கும் அதே இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எது நன்றாக இருந்தது, எது குறைந்தது என்று ஒரு மாஸ்டரும் அதிலிருந்து கற்றுக்கொள்ள முடியாது. சிவப்பைப் பார்த்து ருசியை முடிவுசெய்கிறவர்களும் அவர்களுக்கு உறவு. செக்கச்செவேலென்று இருந்தால்தான் மஞ்சூரியன் என்ற இந்த ஆசைதான் கடைக்காரர்களைச் சாயப் பொடிக்குத் தள்ளியது. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமிகளுக்குத் தடை போட வேண்டிவந்தது. மயோனைஸ் மோகமும் அதே ரகம்தான். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது. சூடான சிக்கன் 65க்கு எலுமிச்சைத் துண்டும் நறுக்கிய வெங்காயமும் இருக்கும்போது அந்த வெள்ளைக் களிம்பு எதற்கு?

அஜினோமோட்டோவைப் பற்றிப் பேசாமல் விடக் கூடாது, ஏனென்றால் வண்டிப் பக்கம் வராதவர்கள் எல்லோரும் சொல்லும் காரணம் இதுதான். 1908இல் ஜப்பானிய விஞ்ஞானி கிகுனே இகேதா கடற்பாசியிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். மறு வருஷமே அது அஜினோமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பயம் கிளம்பியது 1968இல், அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஒரு வாசகர் கடிதத்தால். பிறகு நடந்த சோதனைகளில் அந்தப் பயத்துக்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. பழுத்த தக்காளியிலும் குளுட்டமேட் இருக்கிறது. உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், “அஜினோமோட்டோ வேண்டாம் மாஸ்டர்” என்று சொன்னால் போதும், போடமாட்டார்கள்.

பயப்பட வேண்டியது பழைய சோற்றுக்கு. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில், சீனக் கடை ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டவர்கள் பலர் வாந்தியில் படுத்தார்கள். வடித்த சோற்றை மணிக்கணக்கில் வெளியே வைத்ததில் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி பெருகியிருந்தது. அது விடும் நஞ்சு மறுபடி வறுத்தாலும் அழியாது. ஆகவே கூட்டத்தில் யாராவது, ஒரே ஒருவர், “சோத்துல ஒரு வாடை வருதே” என்று மெல்லச் சொன்னாலும் அதை அலட்சியப்படுத்தாதீர்கள். வேறெந்தக் கருத்தையும் விவாதிக்கலாம், இந்த ஒன்றுக்கு மட்டும் தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். நல்ல கடையில் அன்றாடம் தேவைக்கு வடிப்பார்கள். ராத்திரி “ரைஸ் முடிஞ்சிருச்சுண்ணே” என்று அடிக்கடி கைவிரிக்கிற கடையைத்தான் நான் நம்புவேன்.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். கூட்டம் முண்டும் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வார நாளில், அடுப்பு பற்றவைத்து முதல் இரண்டு மூன்று ஆர்டர் போன பிறகு போங்கள். அதற்குள் சட்டி நன்றாகக் காய்ந்திருக்கும், மாஸ்டரின் கையும் ஓட்டத்துக்கு வந்திருக்கும். அரைத் தட்டு எக் ரைஸ் சொல்லுங்கள். கோழி இல்லாத தட்டில் மாஸ்டர் ஒளிந்துகொள்ள இடமில்லை. சாஸ் பாக்கெட்டைப் பிரிக்காமல் முதல் நாலு வாய் தின்னுங்கள். பார்சல் கட்டும் பக்கமாக நில்லுங்கள், நேற்றைய பார்சலுக்கான பதில்கள் வந்து விழுகிற இடம் அதுதான். ஆதனக்கோட்டைக்காரர் ஒருவர் முந்திரி போட்டுத் தரமுடியுமா என்று கேட்பார், மாஸ்டர் நாசூக்காக மறுப்பார். தச்சங்குறிச்சிப் பையன்கள் ஜல்லிக்கட்டுப் பேச்சுக்கு நடுவே “காரம் பத்தல” என்பார்கள். “நேத்து ரைஸ் எப்படி இருந்துச்சு?” என்று மாஸ்டரே வாய்விட்டுக் கேட்டால் பேசாமல் கவனியுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கிற மாஸ்டர் கிடைத்த ஊர் அதிர்ஷ்டம் செய்த ஊர்.

பிறகு ஒரு பார்சல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். வீட்டில் எல்லோரும் என்ன சொன்னார்கள் என்று மறுநாள் போய் அவரிடம் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் கழித்துப் பிரித்தீர்கள் என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள்.