கல்லாப்பெட்டியும் விடுதலையும்

ஒடுக்கப்பட்ட ஒரு சமூகத்துக்கு வியாபாரம் விமோசனம் தருமா? இவ்வினாவைப் பற்றி அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே நூறாண்டுகளுக்கு மேலாக வாதம் நடந்து வருகிறது. அவ்வாதத்திலே பிறந்த மூன்று நூல்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் குணமும் குற்றமும் யாவை என்று ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதலாவது, புக்கர் டி. வாஷிங்டன் 1907-இல் வெளியிட்ட ‘வியாபாரத்தில் நீக்ரோ’ என்னும் நூல். நீக்ரோ என்பது அக்காலத்து வழக்குச் சொல். ஆசிரியர் அடிமையாய்ப் பிறந்தவர். அலபாமா மாநிலத்து டஸ்கீகி என்னும் ஊரில் கறுப்பருக்கென 1881-இல் தொடங்கிய தொழிற்கல்விச் சாலையை முதலிலிருந்தே நடத்தியவர். 1900-இல் கறுப்பின வியாபாரிகளுக்கென ஒரு தேசியச் சங்கத்தையும் நிறுவியவர். உழவர், விருந்துச் சமையல் நடத்துவோர், பாங்கு நடத்துவோர் எனப் பலர் இந்நூலில் அணிவகுத்து வருகின்றனர். கையில் காசின்றித் தொடங்கி, உழைப்பால் உயர்ந்தவர்களின் வரலாறுகள் அவை. அடிமைத்தளை அறுந்து 42 ஆண்டுகளே ஆகியிருந்த மக்களுக்கு இத்தகைய நூல் வேண்டியதே. “உன்னால் ஆகாது” என்ற வசையையே நாள்தோறும் கேட்ட செவிகளுக்கு, “இதோ, ஆயிற்று” என்று எடுத்துக்காட்டியது சிறு தொண்டன்று.

ஆயினும், இவ்வாசிரியரின் எழுத்துக்கெல்லாம் அடிப்படையாய் நிற்கும் நம்பிக்கையை நாம் ஒப்புவதற்கில்லை. பொருள் சேர்த்தவனை அயலான் மதிப்பான். மதிப்பு வந்தால் உரிமை தானே பின்தொடரும் என்பது அந்நம்பிக்கை. இதைப் பொய்ப்பிக்கும் கொடுமை, நூல் வெளிவருவதற்குப் 15 ஆண்டுகட்கு முன்னரே மெம்பிஸ் நகரில் நிகழ்ந்துவிட்டது. அந்நகரில் கறுப்பர் சிலர் கூட்டுறவு முறையில் பங்கு சேர்ந்து ‘மக்கள் மளிகை’ என்றொரு கடை வைத்தனர். கடை செழித்தது, அண்டையிலே கடை வைத்திருந்த வெள்ளையருக்கு அது பொறுக்கவில்லை. சச்சரவு மூண்டது. கடையைச் சேர்ந்த தாமஸ் மாஸ், கால்வின் மெக்டோவல், வில் ஸ்டூவர்ட் ஆகிய மூவரும் சிறையிடப்பட்டனர். 1892 மார்ச் 9-ஆம் நாள் வெறிக்கும்பல் ஒன்று அவர்களைச் சிறையினின்று இழுத்துச் சென்று சுட்டுக் கொன்றது. மாஸின் நண்பரும் பத்திரிகையாசிரியருமான ஐடா பி. வெல்ஸ் அம்மையார் இதனை அஞ்சாது கண்டித்து எழுதினார். அவருடைய பத்திரிகை அலுவலகமும் அவ்வாண்டே நொறுக்கப்பட்டது. அம்மூவரும் சோம்பேறிகளா? சிக்கனம் அறியாதவர்களா? வாஷிங்டன் போதித்த நற்குணங்கள் அனைத்தும் அவர்களிடம் இருந்தன. சட்டத்தின் காவல் ஒன்றுதான் இல்லை. காவலற்றவனுடைய செல்வம் பகைவரின் கண்ணை உறுத்துவதற்கே பயன்பட்டது.

இரண்டாவது நூல் இதற்கு நேர்மாறானது. சமூகவியல் அறிஞர் ஈ. பிராங்க்ளின் பிரேசியர் எழுதிய ‘கறுப்பு பூர்ஷ்வா’, 1955-இல் பிரெஞ்சு மொழியிலும் 1957-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. கறுப்பின வியாபாரத்தின் பெருமை என்பதே ஒரு கட்டுக்கதை என்கிறார் இவர். நாட்டின் பொருளாதாரத்தில் இக்கடைகள் எம்மூலைக்கு என்று வினவுகிறார். இனத்தின் பேரால் ஆதரவு கேட்கும் கறுப்பு முதலாளி, வாய்ப்புக் கிடைத்தால் ஏழைக் கறுப்பரை வெள்ளையனுக்கு இளைக்காமல் சுரண்டுவான் என்றும் சாடுகிறார். தன்னினத்தாரின் குறையை ஒளிக்காது எடுத்துரைக்கும் இத்துணிவைப் பாராட்டுகின்றோம். புகழுரைகளில் மயங்கிக் கிடப்போருக்கு இது நல்ல மருந்து.

ஆனால், எதிரெதிர்த் துருவங்களாகத் தோன்றும் இவ்விருவரும் ஒரே தராசைத்தான் பிடித்திருக்கின்றனர். வாஷிங்டன் கல்லாப்பெட்டியைப் பார்த்து மகிழ்ந்தார். பிரேசியர் அதே பெட்டியைப் பார்த்து எள்ளினார். அக்கடையால் அங்கே வந்து போன மக்களுக்கு என்ன விளைந்தது என்பதை இருவரும் போதிய அளவு ஆராயவில்லை.

அக்குறையை நிறைவு செய்வது மூன்றாவது நூல். டிஃபனி கில் அம்மையார் 2010-இல் வெளியிட்டது. கறுப்பினப் பெண்களின் கூந்தல் ஒப்பனைக் கடைகளையும், அவற்றில் வளர்ந்த அரசியலையும் பற்றியது. கூந்தல் ஒப்பனையில் அரசியல் ஏது என்று நகைக்க வேண்டா. வெள்ளையர் வீட்டில் வேலை செய்த பெண் உரிமை பேசினால் மறுநாள் வேலை போகும். பள்ளி ஆசிரியைக்கும் அதே கதிதான். ஒப்பனைக்காரியின் வாடிக்கைக்காரர்களோ கறுப்பினப் பெண்களே. அவள் வாயை அடைக்க எந்த வெள்ளை எஜமானனுக்கும் பிடியில்லை. இதுவே இந்நூலின் உயிர்நாடி.

இதற்குச் சான்றுகள் பல. துணி வெளுத்துப் பிழைத்து, பின்னர்க் கூந்தல் தைலம் முதலியன விற்றுப் பெருஞ்செல்வரான மேடம் சி. ஜே. வாக்கர், 1912-இல் வாஷிங்டனின் சங்க மாநாட்டில் பேச இடம் கேட்டார், கிடைக்கவில்லை. இடம் தருவாரில்லை என்று கண்டதும் எழுந்து நின்று தாமே பேசினார். மறுவருஷம் பேச்சாளராக அழைக்கப்பட்டார். 1917-இல் அவருடைய விற்பனைப் பெண்கள் கூடிய மாநாடு, கும்பற்கொலையைத் தடுக்குமாறு ஜனாதிபதி வில்சனுக்கு வேண்டுகோள் விடுத்தது. விற்பனைக் கணக்கைப் பேசக் கூடியவர்கள் இனத்தின் உயிரைப் பற்றியும் பேசினர்.

தென் கரோலினா மாநிலத்து ஜான்ஸ் தீவில் நடந்தது இதனினும் சிறந்தது. எழுத்தறியாதவர்க்கு அங்கே வாக்கில்லை. 1957 ஜனவரியில் முதியோருக்கு எழுத்தறிவிக்க ஒரு பள்ளி தொடங்கினர். ஆசிரியையாக அமர்ந்தவர் பெர்னிஸ் ராபின்சன்; அவர் ஒப்பனைக்காரர், அதற்குமுன் பள்ளியில் பாடம் சொல்லி அறியாதவர். பள்ளி நடந்ததோ ஒரு கூட்டுறவு மளிகைக் கடையின் பின்னறையில். முன்னே அரிசியும் மாவும் விற்றன. பின்னே பெரியவர்கள் தம் பெயரை எழுதக் கற்றனர். அம்முறை தென்னாட்டு மாநிலங்கள் பலவற்றில் பரவி, ஆயிரக்கணக்கானோரை வாக்காளராக்கியது. அக்கடையின் ஆண்டு வருமானத்தைக் கணக்கிட்டால் பிரேசியர் சிரித்திருப்பார். அது ஈட்டித் தந்ததைப் பணத்தால் அளக்க இயலுமா?

நிற்க. சிறு கடையே போதும் என்று நாம் கூறவில்லை. சிகாகோவில் 1954-இல் தோன்றிய ஜான்சன் கூந்தல் சரக்குக் கம்பெனி, கறுப்பர் உடைமையாய் ஓங்கி வளர்ந்தும், 1993-இல் வேறொரு பெருங்கம்பெனிக்கு விற்கப்பட்டது. இனத்தவன் நடத்துவது என்ற ஒன்றே நிலையான காப்பாகாது. பிரேசியரின் எச்சரிக்கை இன்றும் செல்லும்.

ஆகவே, நமது முடிபு இது. கறுப்பின வியாபாரத்தைப் பற்றி எழுதப் புகுவோர், முதலாளி எவ்வளவு சேர்த்தான் என்பதோடு நின்றுவிடலாகாது. அவன் கடையில் மக்கள் அச்சமின்றி வாய் திறந்தனரா, அவன் ஈட்டியதில் ஒரு பங்கு அவர்தம் உரிமைக்குச் சென்றதா என்றும் கேட்டல் வேண்டும். வாஷிங்டனின் நூலை ஊக்கத்துக்காகப் படிக்கலாம். பிரேசியரின் நூலை மயக்கம் தெளியப் படிக்கலாம். அடுத்துச் செய்ய வேண்டுவது யாதென அறிய விரும்புவோர் கில் அம்மையாரின் நூலையே கையிலெடுக்க வேண்டும்.