பாலையும் புகைமூட்டமும்

தமிழரின் இயற்கை ஈடுபாட்டை எடுத்துரைக்கும் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 மலர்களும், பாரி முல்லைக்கு ஈந்த தேரும் மேடைதோறும் போற்றப்படுகின்றன. போற்றுதல் தவறன்று, அதனோடு நின்றுவிடும் திறனாய்வே குறையுடையது. இயற்கையின் அழகைப் பாடிய நெறியைக் கற்பிக்கும் அளவிற்கு, அதன் சிதைவைச் சுட்டிய நெறி வகுப்பறைகளில் கற்பிக்கப்படுவதில்லை.

பாலைத் திணையே இதற்குச் சான்று. தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. இளங்கோவடிகளோ சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில், முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு கெட்டுப் பாலையாகின்றன என விளக்குகிறார். எனவே பாலை என்பது ஓர் இடமன்று; நிலம் அடையும் கேடு. ‘பாலை: பிரிவு’ என்று எழுதி மதிப்பெண் பெறும் மாணவன் உரிப்பொருளை அறிகிறான், அந்நிலம் எவ்வாறு பிறந்தது என்பதை அறிவதில்லை.

காப்பியத்தில் சூழலியலைத் தேடுவது மிகை என்பாரும் உளர். அக்கூற்றில் உண்மை உண்டு. இளங்கோவடிகள் காட்டிய பாலையைச் செய்தவன் கதிரவன். மழை பெய்தால் அது மீண்டும் முல்லையாகும். ஆயின், இவ்வேற்றுமையே இன்றைய வாசகனுக்கு அளவுகோலாகிறது.

1996இல் இந்தோனேசிய அரசு, மத்தியக் கலிமந்தானில் ஏறத்தாழ 10 இலட்சம் ஹெக்டர் சதுப்பு நிலத்தை நெல்வயலாக்க முனைந்தது. முற்றும் மட்காத தழைகளும் மரங்களும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து உருவான நிலம் அது. கால்வாய்கள் வெட்டி நீரை வடித்தனர்; நீர் வடிந்த மண்ணே விறகாயிற்று. 1997இல் வறட்சி வந்தபோது, தீ மண்ணுக்கடியில் புகுந்து கனன்றது. சுமத்திராவிலும் கலிமந்தானிலும் தோட்டங்களுக்காகக் காடழித்து மூட்டிய தீயும் சேர்ந்தது. புகை கடல் கடந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் சரவாக்கில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. எதிர்பார்த்த நெல் விளையவில்லை, திட்டமும் கைவிடப்பட்டது. இந்தப் பாலையை ஒரு மழை முல்லையாக்காது. புகை அண்டை நாடுகளோடு நின்றது. எரிந்த மண்ணின் கரியமில வாயுவோ உலகம் முழுவதையும் வெப்பமாக்கும் சுமையோடு சேர்ந்தது.

சிங்கப்பூர் 2014இல் இயற்றிய சட்டம், வெளிநாட்டில் தீ மூட்டி இங்குப் புகை பரவச் செய்யும் நிறுவனங்களையும் பொறுப்பாக்குகிறது. சட்டம் நிறுவனத்தைக் கேட்கிறது. இலக்கியம் நுகர்வோனையும் கேட்க வேண்டும். வடிகட்டப்பட்ட சதுப்புகளில் செம்பனையும் காகிதக்கூழ் மரமும் வளர்க்கப்படுகின்றன. அடுப்படி எண்ணெய்க்கும் பள்ளித் தாளுக்கும் அந்நிலத்தோடு உறவு உண்டு. புகையால் கண் எரிந்ததை மட்டும் பாடும் கவிதை, பாதி உண்மையையே பாடுகிறது.

நற்றிணைப் பாடலொன்றில், மகளிர் விளையாட்டாக மணலில் புதைத்து மறந்த விதை புன்னையாக முளைக்கிறது. பாலும் நெய்யும் ஊட்டி வளர்க்கின்றனர். அது உங்கள் உடன்பிறந்தாள் என்கிறாள் அன்னை. அதனால் அம்மரத்தடியில் தலைவனோடு நகையாட நாணுகின்றனர். மரத்தின் முன் மனிதர் கொண்ட அந்த நாணத்தைக் கற்பிப்பதே, 99 மலர்களின் பெயரை ஒப்புவிக்கச் செய்வதினும் மேலான இலக்கியப் பாடம்.