யாரோ நிரப்பிய படிவம்

'பேட்மேன்' படத்தை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை ஜெஞ்சாரோம் வீட்டில், அம்மாவோடும் தங்கச்சியோடும். நாயகன் கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி இடுப்பில் கட்டிக்கொள்ளும் காட்சி வந்ததும், அம்மா அடுப்பைப் பார்க்க எழுந்து போனார். தங்கச்சி கைப்பேசியை எடுத்துக்கொண்டாள். நான் மட்டும் கடைசிவரை பார்த்துவிட்டு, "நல்ல படம்ல?" என்றேன். யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டாவது முறை போன மாதம், தனியாக. இந்த முறை படத்தில் ஒரு பெரிய ஓட்டை தெரிந்தது.

கதை தெரிந்ததுதான். கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் 1998-இல் சாந்தியைத் திருமணம் செய்கிறார். மனைவி பழந்துணியை மறைத்து எடுத்துப்போவதைப் பார்க்கிறார். பருத்திப் பஞ்சில் அவர் செய்த முதல் பேட் உதவவில்லை. கடையில் விற்கும் பேட்டுக்குள் இருப்பது பருத்தியல்ல, பைன் மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. பிறகு கூழை அரைக்க, அச்சில் அழுத்த, உறையிட்டு ஒட்ட, புற ஊதாக் கதிரில் கிருமி நீக்க என்று மலிவான, எளிய இயந்திரங்களை உருவாக்குகிறார். கிராமத்துப் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து அவற்றை வாங்கி ஓட்டுகிறார்கள். 2016-இல் பத்மஸ்ரீ.

2018-இல் ஆர். பால்கி இதை இந்தியில் எடுத்தபோது கோயம்புத்தூர் மத்தியப் பிரதேசமானது. முருகானந்தம் லட்சுமிகாந்த் சௌகான் ஆனார். தமிழனை மறைத்துவிட்டார்கள் என்ற கோபம் நியாயம்தான். ஆனால் நான் சொல்லவந்த ஓட்டை அதுவல்ல.

முருகானந்தம் தன் பேச்சுகளில் சொல்லும் ஒரு விஷயம் உண்டு. வீட்டுப் பெண்கள் கருத்துச் சொல்ல மறுத்ததும், மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் பேட்டையும் ஒரு படிவத்தையும் கொடுத்திருக்கிறார். படிவங்கள் திரும்பி வந்தன. ஆனால் சில மாணவிகளே உட்கார்ந்து எல்லாருக்கும் சேர்த்து நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மருத்துவம் படிப்பவர்களாலேயே இதைப் பேச முடியவில்லை. வேறு வழியில்லாமல்தான் அவர் பிளாடரைத் தானே கட்டிக்கொண்டார். ஆக, சினிமாவில் நாம் சிரிக்கும் அந்தக் காட்சி ஒரு கிறுக்கனின் சாகசம் அல்ல. பெண்கள் பேச முடியாத ஊரில் ஓர் ஆண் செய்த மாற்று ஏற்பாடு.

படம் இந்த இடத்தை எப்படிக் கடக்கிறது? பாரி என்ற கற்பனைப் பாத்திரத்தைக் கொண்டுவருகிறது. டெல்லியிலிருந்து வந்த, படித்த பெண். தற்செயலாக நாயகனின் பேட்டைப் பயன்படுத்துகிறாள். அவன் கேட்கிறான், அவள் பதில் சொல்கிறாள். அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது! உண்மை வாழ்க்கை முருகானந்தத்துக்குக் கொடுக்காத ஒன்றைத் திரைக்கதை இரண்டு நிமிடத்தில் கொடுத்துவிடுகிறது. மரக்கூழ் ரகசியத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம், பெண்ணைப் பேசவைப்பது சுலபம் என்று படம் நம்புகிறது. நிஜத்தில் இரண்டாவதுதான் அதிகக் கஷ்டம்.

இதே இயந்திரத்தை வைத்து ரேக்கா ஜெஹ்தாப்சி இயக்கிய 'பீரியட். எண்ட் ஆஃப் சென்டன்ஸ்.' 2019-இல் ஆஸ்கர் வாங்கியது. 26 நிமிட ஆவணப்படம், டெல்லிக்குப் பக்கத்து ஹாப்பூரில் எடுத்தது. அதில் மாதவிலக்கு என்றால் என்ன என்று கேட்டதும் பெண்கள் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். வகுப்பில் எழுந்து நிற்கும் ஒரு மாணவியால் வாயே திறக்க முடியவில்லை. கேமரா காத்திருக்கிறது. 'பேட்மேன்' காட்டவே காட்டாதது இந்தக் காத்திருப்பைத்தான். இந்த ஆவணப்படமும் கடைசியில் இயந்திரம் ஓடுவதிலும் பேட் விற்பதிலும் நிம்மதி அடைந்துவிடுகிறது என்பது வேறு விஷயம்.

இனி என் கதை. நான் ஒரு தொழிற்சாலையில் பிராசஸ் இன்ஜினியர். லைனில் யார் எவ்வளவு நேரத்தில் எதைச் செய்யவேண்டும் என்று கணக்குப் போடுவது என் வேலை. பல்கலைக்கழகத்தில் படித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் அட்டவணையில், சொந்தத் தேவைக்கான சலுகை நேரம் ஆண்களுக்கு 5 விழுக்காடு, பெண்களுக்கு 7 விழுக்காடு. அந்த 2 விழுக்காடு எதற்கு என்று வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. எட்டு மணி நேர ஷிப்டில் அது கிட்டத்தட்ட பத்து நிமிடம். முழுக்கப் பெண்கள் வேலை செய்யும் லைனுக்கும் நான் 5 என்றே போட்டிருந்தேன். லைன் நின்றால் பதிவு செய்யும் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்புவது சூப்பர்வைசர். மாதாமாதம் 'வயிற்று வலி' என்று வரும். நானும் அதை அப்படியே கணினியில் ஏற்றுவேன்.

இரண்டாவது முறை படம் பார்த்த பிறகு லைனில் இருக்கும் ஓர் அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். நேரம் போதவில்லையா என்று. அவர் முதலில் சிரித்தார். பிறகு சொன்னார்: "நேரம் ஒரு பக்கம் இருக்கட்டும் தம்பி. டாய்லெட்ல மூடி போட்ட குப்பைத்தொட்டி இல்ல. பேப்பர்ல சுத்தி பைக்குள்ளயே வெச்சிட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்கோம்."

நான் கேட்ட கேள்வியே தப்பு. பேட் உடம்புக்குப் போய்ச் சேர்ந்ததும் படம் முடிந்துவிடுகிறது. அக்காவின் பிரச்சினை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஜெஞ்சாரோமில் வளர்ந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். 2018-இல் சீனா பிளாஸ்டிக் கழிவை நிறுத்தியதும் ஊர் உலகத்துக் குப்பையெல்லாம் எங்கள் பக்கம் வந்து, இரவில் எரிந்த நாற்றத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் நாங்கள். முடிந்த பொருள் எங்காவது போய்த்தானே ஆகவேண்டும்!

தொட்டி வந்துவிட்டது. செலவு சில நூறு ரிங்கிட்தான். சலுகை நேரத்தை 7 ஆக்கும் விண்ணப்பம் இன்னும் மேலிடத்தில் இருக்கிறது. அதன் 'காரணம்' கட்டத்தில் மாதவிலக்கு என்றே எழுதியிருக்கிறேன். அதுவும் நான் நிரப்பியதுதான். அக்காவே தன் கையால் அதை நிரப்பும் நாள் வரும்வரை, என் கணக்கில் இந்தப் படங்கள் எதுவும் முடியவில்லை.